ஓவியம் வாங்கிய வண்டி

அடிலெய்டில் நண்பர் வீட்டுப் புத்தக அலமாரியில் ஒரு பள்ளிக்கூடக் கதவின் படத்தைப் பார்த்தேன். அதுதான் என்னை ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைக்கு இழுத்துக்கொண்டு போனது. சாதாரண வகுப்பறைக் கதவு. மேலிருந்து கீழ்வரை வட்டத்துக்குள் வட்டம், நெளிகோடு, புள்ளி, பறவைக் கால்தடம். அதற்கு மேலேயே பிள்ளைகள் பேனாவாலும் கூரான எதனாலோவும் கிறுக்கிவைத்த பெயர்கள்.

யுவெண்டுமு என்கிற ஊரின் பள்ளிக்கூடம் அது. 1984ல் அங்கிருந்த தலைமையாசிரியர், கட்டடம் வெள்ளைக்காரச் சர்க்காருடையது போலவே நிற்கிறது, ஊர்க்காரர்களுடையதாகத் தெரியவில்லையே என்று நினைத்து, வால்பிரி இனப் பெரியவர்களிடம் கதவுகளில் வரைந்து தர முடியுமா என்று கேட்டார். ஐந்து முதியவர்கள் 30 கதவுகளில் 27 மூதாதைக் கதைகளை வரைந்தார்கள். பிள்ளைகள் ஊர்ச் சட்டத்தையும் நிலத்தையும் மறந்துவிடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அந்த ஐவரும் இப்போது இல்லை. இறந்தவர் பெயரை உச்சரிப்பதை அந்த மக்கள் தவிர்ப்பார்கள் என்பதால் நானும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். பத்து வருடத்துக்கு மேல் வெயில், புழுதி, பிள்ளைகளின் உதை எல்லாவற்றையும் வாங்கிய பிறகு, 1995ல் அடிலெய்டில் உள்ள சவுத் ஆஸ்திரேலியன் மியூசியம் கதவுகளை எடுத்துக்கொண்டது. செப்பனிட்டவர்கள் கிறுக்கல்களை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். எனக்கு அந்த மியூசியத்தின் மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

கதவு தெற்கே வந்துவிட்டது. அது இருந்த ஊர்? போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

அடிலெய்டிலிருந்து 1500 கிலோமீட்டர் வடக்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். விமானம் இறங்கும்போது கீழே தெரியும் மண்ணின் சிவப்பு நம் தேரிக்காட்டுச் சிவப்பையும் தாண்டியது. ஊருக்கு நடுவே டாட் என்று ஓர் ஆறு ஓடுகிறது என்று வரைபடம் சொல்லும். ஓடுவது மணல்தான். அந்த மணலில் வருடா வருடம் படகுப் போட்டி வேறு நடத்துகிறார்கள்! அடிப்பாகம் இல்லாத படகைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். 1993ல் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் போட்டியை ரத்து செய்தார்களாம். இப்படி ஒரு ஊரை யாருக்குத்தான் பிடிக்காது?

தங்கியது ஒரு அக்கா வீட்டில். நாகர்கோவில் பக்கம். அங்குள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸ். நண்பரின் நண்பருக்குச் சொந்தம் என்கிற அளவுக்குத்தான் பழக்கம், ஆனால் வாசலிலேயே "சாப்பிட்டியா தம்பி?" என்றுதான் வரவேற்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்தார். "எல்லாரும் படம் பாக்கத்தான் வாராவ. டவுன்ல நாலு கேலரியப் பாத்துட்டு ஏர்ஸ் ராக்குக்கு ஓடிருவாவ. நீ ஊருக்கே போறேன்னு சொல்லுத, நல்லது. ஆனா திரும்பி வரும்போது ஊதா வீட்டையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போகணும்." ஊதா வீடு என்னவென்று கேட்டதற்கு, "போய்ட்டு வா, அப்புறம் சொல்லுதேன்" என்று இட்லியைத் தட்டில் போட்டார்.

பழங்குடி நிலங்களுக்குள் நினைத்தபோது வண்டியை விட்டுவிட முடியாது. பல இடங்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு தேவைப்படாத இடமானாலும் முன்கூட்டிப் போன் செய்து, ஊரில் துக்கம், சடங்கு ஏதும் இல்லையே என்று கேட்டுக்கொண்டு போவதுதான் மரியாதை. நான் யுவெண்டுமுவின் கலை மையத்துக்குப் போன் செய்தேன். வரலாம் என்றார்கள். நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த இரண்டாவது அறிவுரையை வழியில் சந்தித்த ஒவ்வொருவரும் திரும்பச் சொன்னார்கள்.

ஆலிஸிலிருந்து வடமேற்கே தனாமி சாலையில் 290 கிலோமீட்டர் சொச்சம். நகரம் மறைந்த கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னல் போய்விட்டது. இருபுறமும் முல்கா புதர், முள்ளம்பன்றி முதுகு மாதிரி ஸ்பினிஃபெக்ஸ் புல், ஆளுயரக் கரையான் புற்று. எதிரே வருவது பெரும்பாலும் தங்கச் சுரங்கத்துக்குப் போய்வரும் லாரிகள். ஒரு லாரிக்குப் பின்னால் இரண்டு மூன்று பெட்டிகளைக் கோத்திருப்பார்கள். அது கடந்த பின் புழுதி அடங்கும்வரை ஓரம் கட்டி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. ஊர் எல்லையில் மது கொண்டுவரக் கூடாது என்ற பெரிய பலகை. அதைத் தாண்டியதும் வீடுகள், கடை, கிளினிக், பள்ளிக்கூடம், எங்கு பார்த்தாலும் நாய்கள். 1946ல் அரசு ரேஷன் கொடுப்பதற்காக உண்டாக்கிய குடியிருப்பு இது. சுமார் எண்ணூறு பேர் இருக்கிறார்கள்.

கலை மையத்தின் பெயர் வார்லுகுர்லாங்கு. 1985ல் தொடங்கியது. உரிமையாளர்கள் ஓவியர்களேதான். அவர்கள் தேர்ந்தெடுக்கும் குழு மேலாளரை நியமிக்கிறது. உள்ளே நுழைந்ததும் ஓவியக் கூடம் என்று நாம் நினைக்கும் அமைதி எதுவும் கிடையாது. தேநீர்க் கெண்டி, குழந்தை அழுகை, வாசலில் நீட்டிப் படுத்த நாய்களைத் தாண்டிக் கால்வைக்க இடம் தேட வேண்டியிருக்கிறது. ஒரு சுவர் முழுக்கச் சின்ன டப்பாக்களில் கலந்துவைத்த அக்ரிலிக் நிறங்கள். இளஞ்சிவப்பு, நீலம், எலுமிச்சை மஞ்சள். மண்ணின் காவியும் வெள்ளையும் கறுப்பும்தான் 'அசல்' பழங்குடி நிறம் என்று நம்பிக்கொண்டு வரும் ஐரோப்பியப் பயணிகளுக்கு இந்த ஊர் ஏமாற்றமளிக்கும். மழை பெய்த பிறகு பாலையில் பூக்கும் பூக்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தரையில் கேன்வாஸை விரித்து, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்து ஒரு பாட்டி வரைந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டபோது நிமிர்ந்து பார்க்காமல் தரையைக் கையால் தட்டினார். கறுப்பு அடிப்பூச்சு ஏற்கெனவே காய்ந்திருந்தது. அதன்மேல் நேர்க்கோடுகளைப் போட்டார். பெண்கள் கிழங்கு தோண்டும் குச்சிகள் அவை. குச்சிகளைச் சுற்றி வளைந்து போகும் கோடு, மரத்தில் பின்னிப் படரும் ஒரு கொடி. பிறகு குச்சி முனையை வண்ணத்தில் தோய்த்துப் புள்ளி, புள்ளி, புள்ளி. ஒரு தோய்ப்புக்கு ஐந்தாறு புள்ளிதான் வரும், கடைசிப் புள்ளி மெலிந்திருக்கும். அந்த மெலிவையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அவர் கை போகிறது. அதனால்தான் தள்ளி நின்று பார்த்தால் படம் அசைகிற மாதிரி இருக்கிறது. வரையும்போது வாய்க்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் வரைந்தது மினா மினா என்ற இடத்தின் கதை. யுவெண்டுமுவுக்கு வெகு மேற்கே இருக்கிறது அந்த இடம். ஆதியில் அங்கே மண்ணுக்குள்ளிருந்து தோண்டு குச்சிகள் எழுந்தன. மூதாதைப் பெண்கள் அவற்றைக் கையில் பிடித்து ஆடிக்கொண்டும் பாடிக்கொண்டும் கிழக்கு நோக்கி நடந்தார்கள். அவர்கள் தங்கிய இடமெல்லாம் பெயர் பெற்றது. அந்த நடை, இடம், பாட்டு, அதற்குரிய சட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வால்பிரியில் ஜுகுர்ப்பா என்கிறார்கள். இதை யார் வேண்டுமானாலும் வரைந்துவிட முடியாது. மினா மினா கதை நபங்கார்டி, நபனாங்கா என்ற இரண்டு உறவுப் பிரிவைச் சேர்ந்த பெண்களுக்கும் அவர்களின் சகோதரர்களுக்கும் உரியது. தந்தைவழியில் உரிமை பெற்றவர் கிர்டா. தாய்வழியில் அதே கதைக்குப் பொறுப்பானவர் குர்டுங்குர்லு. கிர்டா வரைவார், ஆடுவார். அது முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பது குர்டுங்குர்லுவின் வேலை. தாய்மாமன் வராமல் காது குத்த முடியாது என்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமமே இல்லை.

1989ல் இந்த ஊர்க்காரர்கள் பாரீசுக்கே போய், ஒரு பெரிய கண்காட்சியில் தரையில் மண் ஓவியம் போட்டு வந்திருக்கிறார்கள். பாட்டியிடம் அதைப் பற்றிக் கேட்டேன். ரொம்பக் குளிர் என்று கேள்விப்பட்டதாகச் சொல்லிவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விட்டார்.

ஒரு படம் முடிந்ததும் நடப்பது நான் எதிர்பார்த்ததைவிடச் சுவாரசியமாக இருந்தது. மையத்தில் வேலை செய்யும் பெண் கேன்வாஸின் பின்னால் ஓர் எண் எழுதினார். வரைந்தவரையும் படத்தையும் சேர்த்துப் புகைப்படம் எடுத்தார். கதையைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்தார். இந்த எண்ணும் படமும் கதையும் சேர்ந்ததுதான் சான்றிதழ். அது இல்லாமல் எந்த நல்ல கேலரியும் படத்தைத் தொடாது. பிறகு பணம். கலை மையங்கள் பெரும்பாலும் விலையில் பாதி அல்லது அதற்குச் சற்று மேல் ஓவியருக்குக் கொடுக்கின்றன. மீதியில் வண்ணம், கேன்வாஸ், மின்சாரம், சம்பளம், டீசல். கையில் பணம் வந்த சேதி ஓவியர் வீடு போய்ச் சேர்வதற்குள் சொந்தக்காரர்களை எட்டிவிடும். கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாத முறை. அந்த நச்சரிப்புக்கு அங்கே எல்லோரும் சொல்லும் சொல் 'ஹம்பக்'. ஒரு ஓவியரின் வருமானத்தில் எத்தனை வயிறு நிறைகிறது என்று எந்த வருமான வரி அதிகாரியாலும் கணக்குப் போட முடியாது. வாசலில் கிடந்த நாய்களுக்கும் அதில் பங்குண்டு. ஊர் நாய்களின் வைத்தியச் செலவைப் பல வருடமாகக் கலை மையமே பார்க்கிறது.

மேலாளரின் வேலையைப் பார்க்கத்தான் எனக்குத் தலை சுற்றியது. காலையில் டொயோட்டாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் முதியவர்களை ஏற்றிவர வேண்டும். ஒருவருக்குக் கண் ஆஸ்பத்திரி, ஒருவருக்கு வங்கி அட்டை தொலைந்துபோச்சு, ஒருவருக்கு அரசிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். நடுவே ஜெர்மனியிலிருந்து ஒரு கேலரியின் போன். கலையை வளர்ப்பது என்றால் மேடை, விருது, பொன்னாடை என்று பழகிப்போன எனக்கு இது புதிதாக இருந்தது. மத்திய அரசு நாடு முழுக்கச் சுமார் 80 கலை மையங்களுக்கு நிதி தருகிறது. அந்தப் பணம் கடைசியில் போய்ச் சேருவது இந்த டீசலுக்கும் கணக்கெழுதும் ஆளுக்கும்தான். சேர வேண்டிய இடமும் அதுதான். இத்தனை தூரத்தில் தங்க வீடு கொடுத்து, வெயிலில் ஓடிவிடாத மேலாளர் ஒருவர் கிடைத்துவிட்டால் அந்த மையம் பிழைத்துக்கொள்ளும்.

டொயோட்டாவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? யுவெண்டுமு பெண்கள் கேன்வாஸ் அட்டையில் வரைந்து விற்க ஆரம்பித்ததே அதற்காகத்தான். கதவுகளுக்கும் முந்தைய கதை அது. 1980களின் தொடக்கத்தில், தூரத்திலிருக்கும் தங்கள் புனித இடங்களுக்குப் போய்ச் சடங்கு செய்ய அவர்களுக்கென்று வண்டி இல்லை. இருந்த வண்டிகள் எல்லாம் ஆண்கள் கையில். சரி, வரைந்து விற்று நாமே ஒன்று வாங்குவோம் என்று இறங்கினார்கள், வாங்கியும் விட்டார்கள். நிலத்தை வரைந்து, அந்தக் காசில் வண்டி வாங்கி, அதே நிலத்துக்குப் போய்ப் பாடிவிட்டு வருவது. உலகக் கலை வரலாற்றில் இவ்வளவு தெளிவான பட்ஜெட் வேறு எங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

வண்டி விஷயத்தில் இந்த ஊருக்கு வேறு ஒரு புகழும் உண்டு. இங்குள்ள வால்பிரி மீடியா 2001ல் தயாரித்த 'புஷ் மெக்கானிக்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் ஆஸ்திரேலியா முழுக்கச் சிரிப்பையும் வியப்பையும் கிளப்பியது. நடுப் பாலையில் டயர் பஞ்சராகிவிட்டால் என்ன செய்வது? ஸ்பினிஃபெக்ஸ் புல்லைப் பிடுங்கி டயருக்குள் திணித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டியது.

புல் என்றதும் மற்றொரு டொயோட்டா. இது யுவெண்டுமு இல்லை, தெற்கே வெகு தூரம் தள்ளி, மேற்கு ஆஸ்திரேலிய எல்லைக்குள் இருக்கும் பிளாக்ஸ்டோன் என்ற ஊர். 1995ல் அங்கே நடந்த ஒரு கூடை முடையும் பயிற்சியிலிருந்துதான் ட்ஜான்பி நெசவாளர்கள் என்ற பெண்கள் அமைப்பு வளர்ந்தது. பாலைப் புல்லைச் சேகரித்துக் கூடையும் பொம்மையும் செய்கிறார்கள். புல் தேடப் போகும் சாக்கில் பேரக்குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கிழங்கு தோண்டி, உடும்பு பிடித்து, இடங்களின் கதையைச் சொல்லிவிட்டு வருவார்கள். கூடை அதற்குக் கிடைக்கும் உபரி என்றுகூடச் சொல்லலாம். 2005ல் அந்த ஊர்ப் பெண்கள் சேர்ந்து புல்லாலேயே ஒரு முழு அளவு டொயோட்டாவை முடைந்தார்கள். டார்வினில் வழங்கப்படும் நாட்டின் முதன்மையான தொல்குடிக் கலைப் பரிசு அதற்குக் கிடைத்தது. நடுவர்கள் அதில் எதைக் கண்டார்களோ, அந்தப் பெண்களுக்கு டொயோட்டா என்றால் என்னவென்று யுவெண்டுமுவுக்குப் போய்வந்தவருக்குத் தெரியும்.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. யுவெண்டுமுவுக்குத் தெற்கே பப்புன்யா இருக்கிறது. இந்தப் பாலை ஓவிய இயக்கமே அங்கேதான் 1971ல் தொடங்கியது. ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியரின் ஊக்கத்தில் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்புக் கதையை வரைந்தார்கள். அடுத்த வருடமே பப்புன்யா துலா என்று சொந்தக் கம்பெனியும் தொடங்கினார்கள். அந்தச் சுவரோவியத்தின் மேல் சில வருடத்திலேயே பராமரிப்பு வேலை என்ற பெயரில் வெள்ளையடித்துவிட்டார்கள். நம் ஊர்க் கோயில் மண்டபங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வலி புதிதில்லை.

அந்த முதல் தலைமுறை ஓவியர் ஒருவர் 1972ல் வரைந்த நீர்க் கதை ஓவியம், 150 டாலருக்கு விற்றது. 1997ல் அதே படம் ஏலத்தில் 2,06,000 டாலருக்கும், 2000ல் 4,86,500 டாலருக்கும் போனது. கிழவரான ஓவியர் அப்போது உயிரோடுதான், வறுமையில் இருந்தார். அவருக்கு ஒரு காசு வரவில்லை. அடுத்த வருடம் இறந்துபோனார். மறுவிற்பனையில் ஓவியருக்கு 5 சதவீதம் தர வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010ல். இதற்கு நடுவே போலிகள் வேறு. பழங்குடிப் பாணியில் விற்கும் நினைவுப் பொருட்களில் பாதிக்கும் மேல் பழங்குடிகளின் கைபடாதவை என்று 2022ல் அரசின் உற்பத்தித் திறன் ஆணையமே அறிக்கை கொடுத்தது. இந்தோனேசியாவில் செய்த பூமராங்கை ஆஸ்திரேலியத் தொல்குடிக் கைவினை என்று விற்ற ஒரு கம்பெனிக்கு 2019ல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. கம்பெனி அதற்குள் திவாலாகியிருந்தது. விமான நிலையத்தில் பத்து டாலருக்குப் புள்ளி வைத்த பூமராங் வாங்கும் தமிழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வாங்கியே தீர வேண்டும் என்றால் யார் செய்தது, எந்த ஊர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

நானும் ஒரு படம் வாங்கினேன், பாட்டி வரைந்தது இல்லை, அது என் சக்திக்கு மேல். கையகலக் கேன்வாஸ் ஒன்று. சான்றிதழை நீட்டும்போது மேலாளர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: படம் உங்களுடையது, கதை அவர்களுடையது. சட்டை, கோப்பை, புத்தக அட்டை எதில் அச்சடிப்பதானாலும் எழுதிக் கேட்க வேண்டும்.

ஆலிஸுக்குத் திரும்பியதும் அக்கா சொன்ன ஊதா வீட்டுக்குப் போனேன். பெயருக்கேற்ப ஊதா வண்ணம் அடித்த வீடு. பின்கட்டில் நெருப்பு மூட்டிக் கங்காரு வால் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கைந்து பேர் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே டயாலிசிஸ் இயந்திரங்கள்.

மேற்குப் பாலையில் சிறுநீரகம் கெட்டுப்போகிறவர்கள் மிக அதிகம். ஆலிஸில் உள்ள டயாலிசிஸ் பிரிவு தென் அரைக்கோளத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தில் உட்கார வேண்டும் என்றால், 500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிண்டோர் ஊர்க்காரர் அப்போது தன் ஊரை விட்டு வந்தே ஆக வேண்டியிருந்தது. வந்தால் திரும்ப முடியாத நிலை. பேரப்பிள்ளைக்குக் கதை சொல்ல வேண்டியவர்கள் நகரத்து ஓரத்தில் தனியாக உட்கார்ந்து செத்தார்கள். சிலர் சிகிச்சையே வேண்டாம் என்று ஊரிலேயே இருந்து செத்தார்கள். இயந்திரத்தை ஊருக்குக் கொண்டுபோங்கள் என்று கேட்டால் முடியாது, கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது. 2000ம் ஆண்டு நவம்பரில் கிண்டோர், கிவிர்குரா ஆகிய ஊர்களின் பப்புன்யா துலா ஓவியர்கள், ஆணும் பெண்ணுமாகக் குழுவாக உட்கார்ந்து பெரிய ஓவியங்களை வரைந்து சிட்னியில் ஏலத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் கொடுத்த ஓவியங்களும் சேர்ந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அந்தப் பணத்தில்தான் ஊதா வீடு பிறந்தது, 2004ல் கிண்டோரில் டயாலிசிஸ் ஓடத் தொடங்கியது. இன்று ஊதா வீட்டின் கிளைகள் ஏறத்தாழ இருபது தொலைதூர ஊர்களில் இருக்கின்றன. கிளை இல்லாத ஊருக்கு இயந்திரம் பொருத்திய லாரி போகிறது, நோயாளிகள் துக்கத்துக்கும் சடங்குக்கும் ஊர் போய்வர. தொலைதூர டயாலிசிஸுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் பணம் ஒதுக்க அரசு முடிவு செய்தது 2018ல்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் ஓவியத்தால் நிலத்தையே மீட்டவர்களும் உண்டு. 1997ல் எட்டுக்குப் பத்து மீட்டர் கேன்வாஸில் தங்கள் பாலையை முழுசாக வரைந்து, நில உரிமைத் தீர்ப்பாயத்தின் முன்னால் விரித்து, அவரவர் நிலத்தின் மேல் போய் நின்று சாட்சி சொன்னார்கள். தீர்ப்பு பத்து வருடம் கழித்து வந்தது, அவர்கள் பக்கம். அந்தப் பக்கம் நான் போகவில்லை. அதற்குத் தனிப் பயணம் வேண்டும்.

ராத்திரி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார். "ஆஸ்பத்திரில எங்கிட்ட டயாலிசிஸுக்கு வந்து உக்காந்தா வாயே திறக்க மாட்டாவ தம்பி. சுவரப் பாத்துக்கிட்டே இருப்பாவ. அதே ஆளு கிண்டோருக்குப் போய்ட்டு வந்து என்னமா பேசுதாரு தெரியுமா?" என்றார். ஊதா வீட்டுக்காரர்கள் தொலைதூர ஊர்களுக்கு நர்ஸ் தேடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதும், அக்கா அதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அங்கே போய் என்னத்தைச் சாப்பிடுவாய் என்பது அவர் வாதம். அரிசியும் பருப்பும் ஊர்க் கடையில் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டாராம் அக்கா. "புளிதான் கிடைக்காது. மெட்ராஸ் போனதும் ரெண்டு கிலோ அனுப்பி வைக்கியா?" என்றார்.